அசையாத நாள்

நீலப் புள்ளிகள் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும் விண்ணரசிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அட, இவங்கதான்! இவங்கதான் என் சனம்!

வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் சாட்சி நாற்காலியில் ஞானசிகாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் ஆணையத்து அதிகாரி திலகவதி எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணிலும் படாமல் மேசைக்கு அடியில் விண்ணரசி சின்னதாய் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லத்தான். பழி வாங்க வழி காட்டியதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் தோணிமுனையில் பிறக்காதவர்கள். அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்த மேசையின் பெயர் தராசு. தேர்தல் தொகுதிகளின் எல்லையை அதன் மேல்தான் வரைய வேண்டும். நாடு முழுக்க ஆளும் கட்சிக்காரர்கள் தங்களுக்குத் தோதாக எல்லையை வளைத்து வளைத்து, தொகுதிகள் எல்லாம் பல்லி போலவும் பாம்பு போலவும் ஆன பிறகு வந்த மேசை அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று திலகவதி முதல் நாளே விளக்கியிருந்தாள்.

"உங்க ரெண்டு பேரோட சனமும் இதுக்குள்ள இருக்காங்க. ஆனா எது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நிலத்தை மாவு மாதிரிப் பிசைஞ்சு வச்சிருக்கு. கடல் எங்க, ரோடு எங்க, கோயில் எங்க, ஒண்ணும் புரியாது. எண்ணிக்கைகூட ரெண்டு பக்கமும் சமமாத்தான் காட்டும். ஒரு சனம் நீலம், இன்னொரு சனம் மஞ்சள், சுத்தியுள்ள மத்த ஊரெல்லாம் சாம்பல். யாரு யாரோட புழங்குறாங்க, எப்போ வீட்டை விட்டுக் கிளம்புறாங்க, எப்போ திரும்புறாங்க, அது மட்டும் தெரியும். சேர்ந்து வாழுறவங்களைச் சேர்த்து வைக்கணும்னா அது தெரிஞ்சுதானே ஆகணும்?"

"உன் பிள்ளை எந்த வீட்ல பொறக்கும்னு தெரியாம வரையணும், அப்படித்தானம்மா?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"அதேதான் சார்."

"அடுத்தவன் உனக்கு என்ன செய்யணும்னு நினைக்கியோ அதையே நீ அவனுக்குச் செய். எங்க சபையில வாராவாரம் சொல்லுததுதான்."

"சொல்லி யாரும் கேக்கலையே சார். அதான் மெஷின்ல வச்சிட்டாங்க."

விண்ணரசி அப்பாவி போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒருவேளை எது எங்க சனம்னு தெரிஞ்சிட்டா?"

"உடனே எழுந்து சொல்லிடணும். தப்பே இல்லை, வேற ஆளைப் போட்டுருவோம். தெரிஞ்சும் மறைச்சு வரைஞ்சாத்தான் குத்தம். அதுக்குத் திரை கிழிக்கிறதுன்னு பேரு. ஆயுசுக்கும் ஓட்டு கிடையாது. வரையுற கோல் எதிர்ப்பக்கத்துச் சாட்சி கைக்குப் போயிடும். சாட்சிக்கும் இதே சட்டம்தான், அவர் மறைச்சாலும் ஓட்டு போயிடும்."

"அப்படி யாராவது அநியாயமா வெட்டினா தராசு தடுக்காதா மேடம்?"

"தடுக்காது. அது எடைதான் காட்டும். வெட்டுற கை மனுஷங்களோடதா இருக்கணும், நாளைக்கு யாரைப் பிடிச்சுக் கேக்குறதுன்னு தெரியணும்னு சட்டத்துல எழுதியிருக்கு."

யாரைப் பிடித்துக் கேட்பது! அந்தக் கேள்விக்குத்தான் விண்ணரசி சின்ன வயதிலிருந்து பதில் வைத்திருந்தாள். அந்தப் பதில் இப்போது அவளுக்கு எதிரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தோணிமுனையை மூன்றாகக் கிழித்தவர் ஞானசிகாமணி. தராசு வருவதற்கு முந்தைய காலத்தில், கணினியும் கையுமாக எல்லை வரைந்தவர்களில் அவர் பெரிய ஆள். கடலோரத்து மீனவ ஊரான தோணிமுனையின் வடக்குத் தெரு ஒரு தொகுதிக்கு, கோயில் தெரு இன்னொன்றுக்கு, தெற்குத் தெரு மூன்றாவதற்கு. மூன்று தொகுதிக்கும் தலை உள்நாட்டில் இருந்தது, தோணிமுனை வெறும் வால். வாலை யார் கும்பிடுவார்கள்? கடல் கரையைத் தின்னத் தொடங்கியபோது, அலையை உடைக்கத் தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று ஊரே மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. இந்த எம்.எல்.ஏ. அந்த எம்.எல்.ஏ.வைக் கை காட்டினார், அவர் இன்னொருவரைக் காட்டினார். பாறாங்கற்கள் எல்லாம் சமாதானபேட்டைக்குப் போயின. பேட்டை என்பது உள்நாட்டுச் சந்தை ஊர், ஞானசிகாமணியின் சொந்த ஊர். அங்கே ஓடைக்குக் கரை கட்டினார்கள்.

அடுத்த கார்த்திகையில் கடல் ஊருக்குள் வந்தது. விண்ணரசியின் அண்ணன் சந்தியாகு வள்ளத்தைக் கட்டப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. ஊரும் திரும்பவில்லை. மிச்சப்பட்ட சனத்தை அரசாங்கம் பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளக்காட்டில் முகாம் போட்டுக் குடிவைத்தது. தற்காலிகம் என்றார்கள். தகரம் துருப்பிடித்து மறு தகரம் போட்டாயிற்று, அந்த வார்த்தை மட்டும் மாறவில்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். மேட்டு நிலத்தில் பட்டா வேண்டும் என்று கேட்க, சட்டசபையில் அவர்களுக்கென்று ஒரு நாதி கிடையாது.

கடல் வருவதற்கு முன்பே எல்லை பற்றி நடந்த விசாரணைக் கூட்டத்தில் ஞானசிகாமணியை நிறுத்திக் கேட்டபோது அவர் சொன்ன பதில் விண்ணரசிக்கு மனப்பாடம். "எல்லாம் சட்டப்படிதான் வரைஞ்சிருக்கு. கோடு யாரையும் கொல்லாது." கர்த்தருக்குப் பயந்தவர், சபை மூப்பர், வெள்ளைச் சட்டை. கோடு யாரையும் கொல்லாதாம்! அண்ணனை மண்ணில் வைத்த அன்று கல்லறையில் நின்று அவள் அழவில்லை. இந்த ஆளுக்கு ஒரு நாள் நான் கோடு போட்டுக் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டாள். அதற்காகவே படித்தாள், அதற்காகவே சென்னையில் புள்ளிவிவரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள், அதற்காகவே முகாமின் பங்குப் பேரவையில் கெஞ்சித் தன் பெயரைக் கொடுக்க வைத்தாள். பேட்டைக்காரர்கள் ஓய்வுபெற்ற ஞானசிகாமணியின் பெயரைக் கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் கோல் விண்ணரசிக்கு, சாட்சி நாற்காலி அவருக்கு. இதைவிட வெளிப்படையாக ஆண்டவர் எப்படிப் பேசுவார்?

கிளம்பும்போது பங்குச் சாமியார் நெற்றியில் சிலுவை வரைந்து, "நீ அளக்குற படியாலதான் உனக்கும் அளப்பாங்க, மறந்துராத பிள்ளே," என்றார். "பழிய அவர்ட்ட விட்டுரு."

"அவர் எடுத்துச் செய்யட்டும்னுதான் சாமி இத்தனை வருசம் இருந்தேன்," என்றாள் விண்ணரசி. "அதுக்குள்ள நாங்க செத்துருவோம்போல இருக்கு."

இப்போது நீலம் அசையாமல் கிடந்தது. நாட்களுக்குத் தராசு பெயர் போடவில்லை. போட வேண்டுமா என்ன? வாரத்தில் ஒரு நாள் யாரும் வேலைக்குக் கிளம்பவில்லை. காலையில் கொத்துக் கொத்தாக ஒரே இடத்துக்குப் போனார்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்பினார்கள், பிறகு வீடு. ஞாயிற்றுக்கிழமை! உலகமே புரண்டாலும் தோணிமுனையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளம் கடலில் இறங்காது. இறக்கினவனை ஊர் சும்மா விடாது. பூசை, கறிக்குழம்பு, தூக்கம், அவ்வளவுதான்.

மஞ்சளோ அதே நாளில் விடியுமுன்பே பரபரத்தது. கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்பியது. பேட்டையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை! வாசலில் கோயிலை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூட்டை அவிழ்க்கிற ஊர் என்று தோணிமுனைக்காரர்கள் கேலி பேசுவார்கள். பாருங்கள், மாட்டிக்கொண்டார்கள். மஞ்சள் மறுநாள் முழுக்க ஓய்ந்து கிடந்து, சாயங்காலம் ஒரே இடத்தில் கூடியது. அது வியாபாரிகள் சங்கக் கூட்டமாக இருக்கும், முந்தின நாள் வியாபாரத்தைப் பேசித் தீர்ப்பார்கள் என்று விண்ணரசி முடிவுகட்டினாள்.

கோலை எடுத்தாள்.

நான்கு தொகுதி வரைய வேண்டும். முதலில் நீலத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம். ஒரு வீடு சிந்தாமல், சிதறாமல், ஒரு முழுத் தொகுதி. எங்கள் சனத்துக்கு ஒரு நாதி. கண் கலங்கிவிட்டது. அப்புறம் மஞ்சளுக்கு வந்தாள். நடு நெஞ்சில் வைத்து ஒரு கோடு.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் ஞானசிகாமணி.

"என்ன ஐயா?"

"அந்த மஞ்சள் சனம்... ஒண்ணா வாழுத சனம். பாருங்க, ஒண்ணாக் கிளம்புது, ஒண்ணா வருது. இப்படி நடுவுல கிழிக்கலாமா?"

ஆகா! விண்ணரசிக்கு வயிறு குளிர்ந்தது. வலிக்கிறதா? உன் ஊர் என்றால் வலிக்கிறதா? இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்.

"சட்டத்துல இடம் இருக்கு ஐயா," என்று சொல்லிவிட்டு இன்னொரு கோடு இழுத்தாள்.

இரண்டாம் நாளும் அவர் கேட்டார். "நல்லா யோசிச்சுத்தான் போடுதீங்களா பிள்ளே? ஒரு தடவை போட்டா இருவது வருசத்துக்கு மாத்த முடியாது."

"யோசிச்சிட்டேன். நீங்க போட்டதைவிட ரொம்ப யோசிச்சிருக்கேன்."

மூன்றாம் நாள், சனிக்கிழமை, மஞ்சள் நான்கு துண்டாகி நான்கு தொகுதிக்கும் வாலாகத் தொங்கியபோது, அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "வேண்டாம்மா. உங்களைக் கெஞ்சிக் கேக்கேன். அந்த மஞ்சளை விட்டுருங்க. அது ஏற்கெனவே நொந்த சனமா இருந்தா?"

திலகவதி நிமிர்ந்து பார்த்தாள். "சார், அப்படியெல்லாம் யூகம் பேசக்கூடாது."

விண்ணரசி கோலைக் கீழே வைத்தாள். எத்தனையோ முறை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வார்த்தை. இப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏன் ஐயா பதறுதீங்க? கோடுதானே? கோடு யாரையும் கொல்லாதுல்லா?"

ஞானசிகாமணியின் முகம் வெளுத்தது. யார் இவள் என்று அப்போதுதான் முழுதாக உணர்ந்தார் போலிருந்தது. உட்கார்ந்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விண்ணரசி கடைசிக் கோட்டை நிதானமாக, ரசித்து வரைந்தாள். திங்கட்கிழமை பகலில் இருவரும் கைரேகை வைத்தால் திரை விலகும், எது யார் என்று ஊருக்கே தெரியும். அந்த நேரம் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிக்குப் பக்கத்துக் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வெளியே வந்து, திருப்பிக் கொடுக்கப்பட்ட கைபேசியை எடுத்தாள். முகாமில் இருக்கும் மதினியைக் கூப்பிட்டாள். சந்தியாகுவின் மனைவி ஜெபமாலை. வரைபடத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, ஆனால் குரலையாவது கேட்கலாமே. சென்னையில் இருந்தவரை மாதத்தில் ஒரு நாள் கூப்பிடுவாள், அதுவும் வேலை முடிந்து ராத்திரியில், அவசர அவசரமாக இரண்டு வார்த்தை.

நெடுநேரம் மணி அடித்து எடுத்தாள் ஜெபமாலை. பின்னால் ஒரே இரைச்சல்.

"மதினி, பூசை முடிஞ்சிட்டா?"

"எந்தப் பூசையக் கேக்க? மெதுவாப் பேசு பிள்ளே, சூப்பர்வைசர் நிக்கான். வேலையில இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமையில என்ன வேலை?"

"ஞாயித்துக்கிழமைதான முழு வேலை! பேட்டைக்காரவங்க எல்லாம் அன்னைக்கு ஆராதனைக்குப் போயிருவாவ, பாக்டரிய யாரு ஓட்ட? அதுக்குத்தான முகாம்ல ஆள் எடுத்தாவ. வேலை பாக்குற எல்லாரும் வந்தே ஆகணும், இல்லேன்னா மத்த நாளும் வேலை கிடையாது. விடியாம வேன் வந்துரும். திங்கக்கிழமை எங்களுக்கு லீவு."

"அப்பம்... பூசை?"

"திங்கக்கிழமை சாயங்காலம் வைக்காவ. சாமியாரும் என்ன செய்வாவ? ஞாயித்துக்கிழமை வச்சா பெஞ்சும் பீடமும்தான் இருக்கும்."

"எப்பத்துலருந்து மதினி?"

"அது ஆச்சு நாலஞ்சு வருசம். நீ கிறிஸ்மசுக்கும் திருநாளுக்கும் வந்துட்டுப் போற ஆளு. அன்னைக்கெல்லாம் பாக்டரி அடைப்பு. உனக்கு எங்க தெரியும்?"

"பேட்டைல சந்தை? ஞாயித்துக்கிழமைச் சந்தை?"

"அது சனிக்கிழமைக்கு மாறி எவ்வளவு நாளாச்சு! ஓய்வுநாள்ல வியாபாரம் பாவம்னு அவங்க சபையில பெரிய சண்டை நடந்துச்சுல்லா. என்ன பிள்ளே, சந்தையப் பத்தி எல்லாம் கேக்க? நீ போன காரியம் நல்லபடியா நடக்கா? மழைக்கு முந்தி நமக்குன்னு ஒருத்தன் வந்தாத்தான் பட்டா கேக்க முடியும். சின்னவளுக்கு இந்த வருசமும் தண்ணிக்குள்ள நின்னு நின்னு காலெல்லாம் புண்ணு. சரி வைக்கேன், அவன் பாக்கான்."

விண்ணரசி கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடியுமுன்பே கூட்டமாகக் கிளம்பிய மஞ்சள். மறுநாள் சாயங்காலம் ஒரே இடத்தில் கூடிய மஞ்சள். வியாபாரிகள் சங்கமாம்! அடிப்பாவி, அது பூசைடி. உன் சனம் தங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் திங்கட்கிழமை சாயங்காலத்தில் ஒளித்து வைத்திருந்தது. அதைத்தான் நான்கு துண்டாக நறுக்கினாய். சிரித்துக்கொண்டே நறுக்கினாய்.

கடல் தின்றுபோன ஊரை அவள் ஒரு மணல் விடாமல் நினைவில் வைத்திருந்தாள். இருக்கிற முகாமை ஒரு நாளும் பார்க்கவில்லை. வருவாள், அண்ணன் கல்லறைக்குப் போவாள், பல்லைக் கடிப்பாள், திரும்புவாள். மதினி என்ன வேலைக்குப் போகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே! இருபது வருடம். மதினியின் சின்னவளுக்குக் கல்யாணம் ஆகி அவள் பிள்ளையும் தண்ணீரில் நிற்கும்.

வாயை மூடிக்கொண்டு கைரேகை வைத்துவிட்டால், தெரியாமல் வரைந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். தராசின் தலையில் போட்டுவிடலாம். சொன்னாலோ? ஓட்டு போகும், மானம் போகும், அது தொலையட்டும். கோல் அந்த ஆள் கைக்குப் போகும். எவன் தோணிமுனையைக் கிழித்தானோ அவன் கைக்கே.

திங்கட்கிழமை ஆணையத்தின் தாழ்வாரத்தில் அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். விண்ணரசி நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"நீங்க ஆட்சேபம் சொல்லுங்க. சாட்சி ஆட்சேபிச்சா மறுபடி வரையலாம்."

"காரணம் கேப்பாவளே. என்ன காரணம் சொல்ல?"

அவர் குரலில் வியப்பே இல்லாததை விண்ணரசி கவனித்தாள். "உங்களுக்குத் தெரியும். மஞ்சள் யாருன்னு மொதல்லயே தெரியும், இல்லையா?"

ஞானசிகாமணி தலையை ஆட்டினார். "சந்தைய சனிக்கிழமைக்கு மாத்த வச்சதே நான்தானே பிள்ளே. எங்க சனம் ஓய்வுநாளை ஒழுங்கா ஆசரிக்கணும்னு நின்னேன். பாக்டரி முதலாளிக்கும் சொன்னேன். சரின்னுட்டு அவரு உங்க சனத்தை வேன்ல ஏத்திட்டாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆராதனைக்குப் போகும்போது அந்த வேன் எனக்கு எதிர்த்தாப்ல வரும். எனக்குத் தெரியாதா அந்த மஞ்சள் யாருன்னு?"

"அப்பம் அன்னைக்குக் கெஞ்சினது..."

"உங்க சனத்துக்குத்தான்."

அவள் அறைந்துவிடலாம் என்று நினைத்தாள். கை எழவில்லை. "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா? எழுந்து ஒரு வார்த்தை?"

"சொன்னா நான் போயிரணும். வேற சாட்சி வருவான், அவன் கெஞ்சக்கூட மாட்டான், அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். "அது பொய். உள்ளுக்குள்ள ஒருத்தன் இருந்தான். அவளே வெட்டுதா, நமக்கு என்ன, நம்ம ஊருக்கு முழுசா ஒரு தொகுதின்னு அவன் சந்தோசப்பட்டான். அவன்தான் என்னைச் சும்மா இருக்க வச்சான்."

உள்ளே கூப்பிட்டார்கள்.

திலகவதி கைரேகைப் பலகையை நீட்டுவதற்குள் விண்ணரசி எழுந்துவிட்டாள். "மேடம், நான் திரையைக் கிழிச்சிட்டேன். நீலம் என் சனம்னு நினைச்சு, மஞ்சளைப் பழிவாங்கணும்னுதான் வெட்டினேன். ஞாயித்துக்கிழமைய வச்சுக் கண்டுபிடிச்சேன். தப்பாக் கண்டுபிடிச்சேன்."

திலகவதி விதிகளை வாசித்தாள், குரல் இறங்கியிருந்தது. விண்ணரசிக்கு இனி எந்தத் தேர்தலிலும் ஓட்டு இல்லை. வரைபடம் ரத்து. கோல் எதிர்ப்பக்கத்துச் சாட்சிக்குப் போகிறது.

கோலை விண்ணரசியே எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் விதி. எடுத்து நீட்டினாள். வாங்கிக்கோ. வாங்கி மறுபடி வெட்டு. ஒன்று மட்டும் எனக்கு மிச்சம் இருக்கும்: சாகிற வரைக்கும் உன்னை வெறுக்கலாம், யாரும் தப்பென்று சொல்லமாட்டார்கள். அந்த வெறுப்பை அவள் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி சார், வழக்கமானதுதான்," என்றாள் திலகவதி. "எது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஞானசிகாமணி கோலைப் பார்த்தார். பிறகு விண்ணரசியைப் பார்த்தார்.

"தெரியும்மா," என்றார். "மொத நாளே தெரியும். மறைச்சிட்டேன். என் ஓட்டையும் எடுத்துருங்க."

கோல் அவள் கையிலேயே நின்றது. விண்ணரசிக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அண்ணன் செத்த அன்றுகூட அப்படி வந்ததில்லை. பாவி மனுஷன்! ஊரைப் பறித்தாய், அண்ணனைப் பறித்தாய், கடைசியில் உன்னை வெறுப்பதற்கு இருந்த ஒரே பிடியையும் பறித்துக்கொண்டாயே!

வேறு இருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். இருவரும் மலைக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், கடலையே பார்த்திராதவர்கள். நாட்களைக் கலைத்துப் போட்ட தராசின் மேல் அவர்கள் வரைந்தார்கள். நீலத்துக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, மற்ற இரண்டும் சுற்றியுள்ள ஊர்களுக்கு. விண்ணரசி வேலையை விட்டுவிட்டு முகாமுக்கே வந்துசேர்ந்தாள். பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும் அல்லவா?

ஓட்டுப்பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டப்படி பாக்டரி அடைப்பு. காலையிலேயே பூசை நடந்தது, பெஞ்சு போதாமல் சனம் வாசலில் நின்றது. அப்படியே வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப்போடப் போனார்கள். விண்ணரசி முகாம் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானசிகாமணி வந்தார். பேட்டையிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். அவர் ஊரிலும் அன்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள், இவருக்கு நிற்க இடமில்லை. தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"உங்களை நான் மன்னிக்கலை," என்றாள் விண்ணரசி, திரும்பிப் பார்க்காமல்.

"நான் கேக்கலையே பிள்ளே."

"கேட்டாலும் கிடையாது."

"சரி."

ஜெபமாலை விரலில் மையோடு திரும்பி வந்தாள். கல்லில் உட்கார்ந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரியும். முகாமில் அந்த முகம் தெரியாத ஆள் உண்டா? ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். ஒன்றை விண்ணரசியிடம் நீட்டினாள், இன்னொன்றை அவர் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தாள்.

விண்ணரசி தன் தம்ளரில் வாய் வைத்தாள். நாக்கு வெந்துவிட்டது. அடுப்பிலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறாள். நல்லது, அந்த ஆளுக்கும் வேகட்டும், தொண்டை வரைக்கும் வேகட்டும் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எடுத்து, நிதானமாக, ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

விண்ணரசி மதினியைப் பார்த்தாள். ஜெபமாலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவருக்கு ஆத்திக் கொடுத்தேன். வெயில்ல நடந்து வந்திருக்காருல்லா."